யாதொரு ஆட்சேபணையும் இல்லை

தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்து
மதிலோரம் என் மேசை.
குட்டைக் காலுக்கு மடித்த விண்ணப்பம் ஒன்று முட்டு.
பிறப்பு, இறப்பு, பெயர்த் திருத்தம், வாரிசு,
எது கேட்டாலும் எழுதுவேன்.
அன்று பாரத்துக்கு இரண்டு ரூபாய்,
இன்று ஐம்பது.

தொண்ணூற்றொன்பதில்
ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம்
காசிமேட்டிலிருந்து தேசம்மா வந்தாள்.
முந்தானையில் ஐஸ் பெட்டி ஈரம்,
இடுப்பில் இருபது நாள் பிள்ளை.
"தகப்பன் பேரு?" என்றேன்.
பிள்ளையின் காதை மூடினாள்.

காலியாக விட்டு அனுப்பினேன்.
ஜன்னல் திருப்பி அனுப்பியது.
கோடு போட்டு அனுப்பினேன்.
அதையும்.
"கட்டம் நிரம்பாம முத்திரை விழாதும்மா"
என்றார் உள்ளே இருந்தவர்,
டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

எதிரே வீரபத்ரன் மாவு மில்.
போர்டில் 'த்'தன்னாவுக்கு மேல்
புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காக்கை எச்சம்.
எழுதினேன்:
வீரபத்ரன். வயது இருபத்தெட்டு.
தொழில், துறைமுகத்தில் சுமை தூக்குதல்.
கையெழுத்தை இடக்கையால் போட்டேன்.
சாய்ந்து, கொஞ்சம் பயந்து,
ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவன் போடுவதுபோல.

முத்திரை விழுந்தது.

பிறகு அவன் என்னிடமே வளர்ந்தான்.
ரேஷன் கார்டில் முப்பத்தொன்று,
பள்ளிக்கூடச் சேர்க்கையில் முப்பத்துமூன்று.
சாதிச் சான்றுக்கு
அவனுக்கே ஓர் அப்பாவைத் தேட வேண்டியிருந்தது;
மில்லுக்குப் பக்கத்தில் சலூன் இருந்தது
நல்லதாய்ப் போயிற்று.
சுனாமி வந்தபோது
கணக்கோடு கணக்காக அவனை முடித்துவிடலாமா என்றேன்.
தேசம்மாதான்
"வேணாக்கா, பொண்ணு அழும்" என்றாள்.

இப்போது மில் இல்லை, பிரியாணிக் கடை.
பாரத்தில் தந்தை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒரு சாய்கோடு, அப்புறம் தாய்,
இன்னொரு சாய்கோடு, பாதுகாவலர்.
சட்டம் மாறிவிட்டதாம்.
ஒரு கோட்டைக் கொஞ்சம் சாய்க்க
இத்தனை வருஷம்.

நேற்று நிரோஷா வந்தாள்.
ஸ்டான்லியில் நர்ஸ்.
கழுத்தில் தொங்கும் அட்டையில் 'வீ. நிரோஷா'.
"தே. நிரோஷான்னு மாத்தணும்க்கா.
இப்ப மாத்தலாமாமே."

மாற்றலாம்.
ஆனால் ஏற்கெனவே எழுதிய தகப்பனை எடுக்க
அவனுடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறது ஜன்னல்,
இல்லையென்றால் இறப்புச் சான்று,
இரண்டும் இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போ.
காலிக் கட்டத்துக்கு இரக்கப்பட்டவர்கள்
பொய்யாய் நிரம்பிய கட்டத்தை நினைக்கவில்லை.

"அந்தாளு எங்க கீறாருன்னு கேட்டேன்.
எழுதுற அக்காகிட்டதான் கீறாருன்னுச்சு அம்மா."
அவள் சிரிக்கவில்லை.
மேசையைப் பார்த்தாளா
என் இடக்கையைப் பார்த்தாளா, தெரியவில்லை.
"நல்ல ஆளாக்கா?"

இருபத்தைந்து வருஷத்தில்
ஒருநாளும் குடித்துவிட்டு வந்ததில்லை.
கை நீட்டியதில்லை.
கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.
சொன்னேன்.
"ஒருதபா வந்து பாத்திருக்கலாம்" என்றாள்.

வெள்ளைத்தாள் எடுத்தேன்.
வீரபத்ரன் ஆகிய நான் எழுதிக்கொடுப்பது:
என் மகள் நிரோஷா
அவள் தாயின் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால்
வைத்துக்கொள்வதில் எனக்கு
யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

'மேற்படி நபர்' என்றிருந்தால் போதும்.
'என் மகள்' என்று விழுந்துவிட்டது.
அடிக்கவில்லை.

பேனா இடக்கைக்கு மாறியது.
நடுங்கிற்று.
பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தால்
ஜன்னலில் சந்தேகப்படுவார்கள்.
படட்டும்.
அவனுக்கும் ஐம்பத்துமூன்று ஆகிறது.

நிரோஷா ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினாள்.
எந்தக் கையால் வாங்குவதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.